காரணம் எழுதும் கட்டம்

இரவு இரண்டரை. நாரின் நகர மருத்துவமனை.
தோலோன் கணவாயில் பனி; சாலையை மூடியாயிற்று.
சி.டி. ஸ்கேன் கணவாய்க்கு அப்பால், பிஷ்கெக்கில்.
இப்பால் நானும்
ஒரு சக்கரம் திக்கும் இந்தப் பழைய அல்ட்ராசவுண்ட் பெட்டியும்.

துருஸ்பெக், நாற்பத்து நான்கு வயது.
சீன எல்லையிலிருந்து டயர் ஏற்றி வந்த கமாஸ் லாரிக்காரர்.
அத்-பாஷியில் சாப்பிட்டுவிட்டுத்
தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டும்போது
இடது மார்பில் குதிரை உதைத்த மாதிரி வலி என்றார்.
அப்புறம் மூச்சு பாதிதான் வந்ததாம்,
மீதி எங்கே போயிற்று என்று தெரியவில்லையாம்.

எக்ஸ்ரேயில் இடப்பக்கம் கறுப்பு.
எல்தியார் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வைத்து எடுத்தான்:
மூச்சுச் சத்தமே இல்லை.
நுரையீரல் சுருங்கிவிட்டது, வெளியே காற்று, என்றான்.
படிப்பு முடிந்து எட்டு மாதம்; பாடம் தப்பாமல் சொன்னான்.
மார்புக் குழாயின் உறையைக் கிழித்தான்.
விலா இடுக்கில் அயோடின் வட்டம் காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு நிமிஷம், என்றேன்.
அவர் மார்பு களுக்கென்றது போலிருந்தது.
சுவரோரத்து ரேடியேட்டராகவும் இருக்கலாம்.

பசை ஐஸாகக் கிடந்தது.
தடவியதும் அவர் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார்.
முனையை முதுகுப் பக்கம், கடைசி விலாக்களுக்கு மேல் வைத்தேன்.

காற்று என் தொழிலுக்குப் பகை.
ஒலி அதில் பட்டால் சிதறும், திரையில் பனிப்புயல்.
காத்திருந்தேன்.
ஓர் இடுக்கு மேலே. இன்னும் ஒன்று.
புயல் விலகிய ஓரிடத்தில்
ஏதோ நெளிந்தது.

நுரையீரல் நெளியாது.
வழுக்கும்; மூச்சோடு வரும், மூச்சோடு போகும்.
இது மூச்சைக் கேட்கவில்லை.
தன்பாட்டுக்குச் சுருங்கியது, விரிந்தது,
எதையோ முன்னே தள்ளியது
நிதானமாக,
கூலிக்கு மூட்டை தள்ளும் ஆள் மாதிரி.
அத்-பாஷியில் தின்ற லக்மான் நூடுல்ஸ்
இதயத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தது.

உதரவிதானம்.
வயிற்றுக்கு மேலே கட்டிய விதானம்.
வெள்ளைக் கோடாக வளைந்து வந்தது,
மண்ணீரலின் தோளைத் தொட்டுக்கொண்டு வந்தது,
பின் மூலையில்
நின்றுவிட்டது.
கிழிசல் மாதிரித் தெரியவில்லை. தைக்காமல் விட்ட ஓரம்.

எல்தியார் கையில் குழாய் இருந்தது.
அதன் முனை எதற்குள் போயிருக்கும் என்பதை
இருவரும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவன் காது சிவந்தது.

எப்போதிருந்து? என்றார் துருஸ்பெக்.
நீங்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்து.
கணக்குப் போட்டார்.
அப்படியானால் சோவியத் தயாரிப்பு,
உத்தரவாதச் சீட்டு செல்லாது, என்றார்.
சிரிக்கப் போய் வலியில் பாதியில் நிறுத்தினார்.

பட்டாளத்தில் இருந்தவர்.
மல்யுத்தத்தில் ஆட்டுக்கிடா ஜெயித்தவர்.
கணவாய்களில் தனியாளாய் லாரிச் சக்கரம் கழற்றியவர்.
நாற்பத்து நான்கு வருஷம் அந்த வாசல் திறந்தே கிடந்திருக்கிறது.
குடல் போய்ப் போய்த் திரும்பியதா,
நேற்றுத்தான் சட்டிபானையோடு குடிபெயர்ந்ததா,
என் பெட்டி அதைச் சொல்லாது.

அறிக்கையில் குடலிறக்கம் என்று எழுதினேன்.
எழுதிவிட்டுப் பார்த்தேன்.
எங்கே இறங்கியது? ஏறியல்லவா இருக்கிறது.
அடிக்கவில்லை. வேறு சொல் கைவசம் இல்லை.

மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு
இரைப்பைக் காற்றை இறக்கினோம்.
விடியலில் பனி தள்ளும் வண்டி முன்னே போக
ஆம்புலன்ஸ் பின்னே போயிற்று.
டயர்களுக்கு யார் காவல் என்று கேட்டுக்கொண்டே போனார்.

எட்டு மணிக்கு ஸ்டோர் ஜினைதா வந்தாள்.
மார்புக் குழாய், எண் இருபத்தெட்டு, ஒன்று.
உறை கிழிந்திருக்கிறது, குழாயில் ரத்தமில்லை.
காரணம் எழுது, என்று பதிவேட்டைத் தள்ளினாள்.
கட்டம் சின்னது, கட்டைவிரல் அகலம்.

எல்தியார் என்னிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டான்.
வெகுநேரம் குனிந்திருந்து
‘உள்ளே ஆள் இருந்தது’ என்று எழுதினான்.

அவள் படிக்காமலே முத்திரை குத்தினாள்.